அவசரமே இல்லாத ஓர் ஆக்சிஜன் அணு

2024 மே 10-ஆம் தேதி இரவு, லடாக்கின் ஹான்லே வானாய்வகத்தில் இருக்கும் கேமராக்களில் வடக்குத் தொடுவானத்துக்குச் சற்று மேலே ஒரு சிவப்புப் பூச்சு பதிவானது. 2003-க்குப் பிறகு பூமி கண்ட மிகப் பெரிய காந்தப் புயல் அன்றைக்கு அடித்துக்கொண்டிருந்தது. சூரியனிலிருந்து பாய்ந்துவரும் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்குவதுதான் காந்தப் புயல். நார்வேயிலும் கனடாவிலும் எடுக்கும் துருவ ஒளி (அரோரா) படங்களில் பச்சைதான் முதலில் கண்ணில் படும். ஹான்லேயில் பச்சையையே காணோம், வெறும் சிவப்பு.

படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: "பச்சை எங்கே போச்சு?"

இதற்கு ஒரு சின்ன பதில் உண்டு. சிவப்பு உயரத்தில் உண்டாகிறது, பச்சை அதற்குக் கீழே. பூமி உருண்டை. 300 கி.மீ. உயரத்தில் எரியும் ஒளி சுமார் 1,900 கி.மீ. தள்ளி நிற்பவருக்கும் தொடுவானத்தில் தெரியும். 100 கி.மீ. உயரத்து ஒளியோ 1,100 கி.மீ. தாண்டியதும் மறைந்துவிடும். ஹான்லேயிலிருந்து பார்த்தவர்களுக்கு வெகு வடக்கே திரைபோலத் தொங்கிய ஒளியின் மேல்விளிம்பு மட்டும் கிடைத்தது. அவ்வளவுதான்.

சரி, சிவப்பு ஏன் மேலே, பச்சை ஏன் கீழே? இரண்டையும் உமிழ்வது ஒரே ஆக்சிஜன் அணு. அதே அணு உயரத்துக்கு ஏற்ப நிறம் மாற்றிக்கொள்வானேன்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு முனை குவாண்டம் புலக் கோட்பாட்டுக்கும் இன்னொரு முனை செவ்வாய்க் கிரகத்தின் காற்றுக்கும் போகிறது. இரண்டு துறைக்காரர்களும் ஒரே மேசையில் உட்காருவது அபூர்வம். அதனாலேயே எனக்கு இந்த அணுவின் மேல் ஒரு தனிப் பிரியம்.

முதலில் அணுவை அறிமுகம் செய்துவிடுகிறேன். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் பெரும்பாலும் இரண்டிரண்டு அணுக்களாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். உயரே புறஊதாக் கதிர் பட்டு அவை பிரிந்து ஒற்றை அணுக்களாகத் திரிகின்றன. அந்த ஒற்றை அணுவுக்குத் தரைமட்ட நிலை ஒன்று. அதற்கு மேலே 1.97 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலில் ஒரு நிலை, 4.19-ல் இன்னொரு நிலை. மேலே இருப்பதிலிருந்து நடுவிலிருப்பதற்கு இறங்கினால் 557.7 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சை ஒளி வரும். நடுவிலிருந்து தரைக்கு இறங்கினால் 630 நானோமீட்டரில் சிவப்பு. இயற்பியலில் இவற்றுக்கு எழுத்தும் எண்ணுமாகக் குறியீடுகள் உண்டு. நாம் 'பச்சை நிலை', 'சிவப்பு நிலை' என்றே வைத்துக்கொள்வோம்.

எலக்ட்ரான் மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்துக்கு இறங்கும்போது ஒளி வெளிப்படும் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஏன் இறங்குகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மேலே இருக்கும் தேங்காய் கீழே விழத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஷ்ரோடிங்கர் 1926-ல் தந்த சமன்பாட்டை எடுத்து, தன்னந்தனியாக நிற்கும் ஓர் அணுவுக்குப் போட்டுப் பார்த்தால் வில்லங்கம் தெரியும். அந்தக் கணக்கின்படி மேல் மட்டத்தில் இருக்கும் எலக்ட்ரான் இறங்கவே இறங்காது. நிரந்தரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கும். சமன்பாடு சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் உலகத்தில் ஒரு குழல்விளக்குகூட எரியாது.

அணு தானாக ஒளியை உமிழ்கிறது என்பதை ஐன்ஸ்டைன் 1916-லேயே கணக்கில் சேர்த்திருந்தார். ஒவ்வோர் இறக்கத்துக்கும் ஒரு வேகம் உண்டு என்று வைத்துக்கொண்டார். அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல அன்றைய இயற்பியலில் வழி இல்லை. வழி காட்டியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் டிராக். 1927-ல் வெளியான அவருடைய கட்டுரையில் அணுவோடு சேர்த்து ஒளியையும் குவாண்டம் விதிகளுக்குள் கொண்டுவந்தார். குவாண்டம் புலக் கோட்பாடு பிறந்தது அங்கேதான் என்று சொல்வது வழக்கம்.

டிராக் செய்ததைக் கணிதம் இல்லாமல் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு தம்புராவை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு தந்திக்குப் பதில் கணக்கில்லாத தந்திகள், ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஒன்று. வெளி முழுக்க விரிந்து கிடக்கும் மின்காந்தப் புலம் அப்படிப்பட்ட தம்புராதான். ஒரு தந்தியை நம் இஷ்டத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அதிரவைக்க முடியாது. படிப்படியாகத்தான் ஏற்ற முடியும். ஒரு படி ஏறினால் ஒரு ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள். இரண்டு படி என்றால் இரண்டு. ஒரு தந்தியும் ஒரு படிகூட ஏறாமல் இருந்தால் கும்மிருட்டு. அதைத்தான் வெற்றிடம் என்கிறோம். இதில் கவனிக்க வேண்டியது, இருட்டிலும் தந்திகள் இருக்கின்றன என்பது. அவை முழுதாக அசையாமல் நிற்பதையும் குவாண்டம் விதி அனுமதிப்பதில்லை.

இப்போது இந்தத் தம்புராவுக்கு நடுவே ஆற்றலோடு நிற்கும் ஓர் அணுவை வையுங்கள். எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பதால் தந்திகளை அது தொட்டுக்கொண்டே இருக்கிறது. 'அணு மேலே, தந்தி சும்மா' என்பது ஒரு நிலைமை. 'அணு கீழே, தந்தி ஒரு படி மேலே' என்பது இன்னொன்று. இரண்டுக்கும் மொத்த ஆற்றல் ஒன்றுதான். தொடர்பு இருப்பதால் முதல் நிலைமை இரண்டாவதற்குள் கசிகிறது. ஒரே ஒரு தந்தி இருந்திருந்தால் ஆற்றல் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கும். ஏற்ற தந்திகள் எல்லாத் திசையிலும் எண்ணிலடங்காமல் இருப்பதால் போனது திரும்புவதில்லை. ஒளி கிளம்பிவிடுகிறது.

வெற்றிடம் உலுக்குவதால்தான் அணு ஒளிர்கிறது என்று பரபரப்பாக எழுதுகிறார்களே, அது பாதிக் கதை. எலக்ட்ரானின் புலமே அதன் மேல் திரும்பிச் செயல்படுவதும் அதில் சம பங்கு வகிக்கிறது. இரண்டையும் தனித்தனியே பிரிக்கலாமா என்பதுகூட எழுதும் முறையைப் பொறுத்தது. அந்தச் சண்டைக்குள் இப்போது போக வேண்டாம்.

நமக்கு வேண்டியது வேறு. அணு தந்தியை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதில்தான் இறங்கும் வேகம் இருக்கிறது. தெருவிளக்குகளில் மஞ்சளாக எரிந்த சோடியம் அணு நன்றாகப் பிடிக்கும் ரகம். இறங்கும்போது அதன் மின்னூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. ஆன்டெனாவில் நடப்பதும் இதுதான். அதனால் சோடியம் மேல்நிலையில் சராசரியாக 16 நானோநொடிதான் தங்கும். ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு.

ஆக்சிஜனின் பச்சை நிலை, சிவப்பு நிலை, தரைநிலை மூன்றிலும் எலக்ட்ரான்கள் ஒரே வகை அறைகளில்தான் இருக்கின்றன. மாறுவது அவை அறைக்குள் உட்காரும் ஒழுங்கு மட்டுமே. அதனால் மூன்றுக்கும் இடவல சமச்சீர் ஒன்றுதான். இந்த மாதிரி இரண்டு நிலைகளுக்கு நடுவே ஊஞ்சலாட்டம் உண்டாகாது. இடது பக்கம் எவ்வளவு மின்னூட்டம் நகர்கிறதோ வலது பக்கமும் அவ்வளவு எதிர்த்திசையில் நகர்ந்து ஒன்றையொன்று அடித்துவிடும். முற்றிலும் அடித்துவிடுமா என்றால், இல்லை. அணுவின் ஓர் ஓரத்தைவிட மறு ஓரத்தில் ஒளியலை இம்மி வித்தியாசமாக இருக்கும். அலைநீளத்தைவிட அணு பல ஆயிரம் மடங்கு சிறியது என்பதால் அந்த வித்தியாசம் மிக மிகச் சிறியது. அந்த இம்மி இடைவெளி வழியாகத்தான் பச்சை ஒளி தப்பி வருகிறது. சிவப்புக்கு அதுவும் கஷ்டம். எலக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒழுங்கும் மாறியாக வேண்டியிருப்பதால் காந்தவிசையின் வழியாக நழுவி வர வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஒளிக்கோடுகளுக்குத் 'தடைசெய்யப்பட்ட கோடுகள்' என்று பெயர். பெயர் வைத்தவர் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார். தடையெல்லாம் இல்லை, தாமதம்தான். பச்சை நிலை சராசரியாக முக்கால் நொடி தங்குகிறது. சிவப்பு நிலை கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். சோடியத்தின் 16 நானோநொடியை ஒரு நொடியாக நீட்டினால், சிவப்பு நிலையின் ஆயுள் 200 வருஷத்துக்கு மேல் வரும்.

இரண்டு நிமிடம் யாரும் தொந்தரவு செய்யாமல் நின்றால்தான் சிவப்பு ஒளி. 250 கி.மீ.க்கு மேலே காற்று அவ்வளவு மெல்லியது என்பதால் அது சாத்தியமாகிறது. 100 கி.மீ. உயரத்தில் கதை வேறு. அங்கே நைட்ரஜன் மூலக்கூறுகள் சிவப்பு நிலை அணுவை ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை பிடித்து அதன் ஆற்றலைப் பறித்துவிடக்கூடிய அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன. இரண்டு நிமிடம் யார் தரப்போகிறார்கள்? ஆற்றல் வெப்பமாகப் போய்விடும், ஒளி வராது. பச்சை நிலைக்கு அங்கேயும் வாய்ப்பு இருக்கிறது. ஆயுள் குறைவு என்பது ஒரு காரணம். அதைவிட, நைட்ரஜன் மோதினால் பச்சை நிலைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே ஆவதில்லை.

இங்கே ஒரு சோகமும் இருக்கிறது. பச்சை ஒளியை உமிழ்ந்த அணு எங்கே வந்து நிற்கிறது? சிவப்பு நிலையில். அதாவது ஒவ்வொரு பச்சை ஃபோட்டானும் சிவப்பாக ஒளிரத் தயாரான ஓர் அணுவை விட்டுச் செல்கிறது. கீழ் உயரத்தில் அவற்றில் அநேகமாக ஒன்றுகூட ஒளிர்வதில்லை.

இந்தத் தாமதம் ஒரு காலத்தில் பெரிய மனிதர்களையே சுற்றலில் விட்டது. ஸ்வீடனின் ஆங்ஸ்ட்ரம் 1860-களின் இறுதியில் துருவ ஒளியின் பச்சைக் கோட்டை அளந்தார். ஆய்வகத்தில் எந்த வாயுவைச் சூடாக்கினாலும் அந்தக் கோடு வரவில்லை. ஆய்வகக் குழாயில் அடர்த்தி அதிகம், மோதல் அதிகம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று சொல்லிப் புகழ்பெற்ற வெகனர், 'ஜியோகொரோனியம்' என்று இதுவரை அறியாத ஒரு வாயு உயரே இருக்கிறது என்றார். நார்வேயின் வேகார்டு, உறைந்த நைட்ரஜன் துகள்கள்தான் காரணம் என்றார். கடைசியில் 1925-ல் கனடாவின் டொரன்டோவில் மெக்லென்னனும் ஷ்ரமும் ஆக்சிஜனோடு ஹீலியத்தைக் கலந்து அந்தப் பச்சைக் கோட்டை வரவழைத்தார்கள். ஹீலியம் இந்த அணுவின் ஆற்றலைப் பறிக்காமல் விட்டுவிடும் சாது. விண்வெளியிலும் இதே கூத்து நடந்தது. நெபுலாக்கள் எனப்படும் விண்வெளி வாயு மேகங்களில் தெரிந்த இன்னொரு பச்சைக் கோட்டுக்காக 'நெபுலியம்' என்ற தனிமத்தையே கற்பனை செய்திருந்தார்கள். 1927-ல் போவன் கணக்குப் போட்டுக் காட்டினார்: அதுவும் ஆக்சிஜன்தான், இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன்.

துருவம் வரை போகாமலேயே இந்த ஒளியை அளக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். புயல் இல்லாத சாதாரண இரவிலும் வானம் முழுக்க இதே பச்சையும் சிவப்பும் மிக மங்கலாக எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். திருநெல்வேலியில் இருக்கும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து இந்த ஒளிர்வைப் படமெடுத்து, உயர் வளிமண்டலத்தில் ஓடும் அலைகளைப் பின்தொடர்கிறார்கள்.

இதுவரை உயரத்திலேயே இருந்தோம். இனி தரைக்கு வருவோம், இந்த அணுவின் உண்மையான வேலை இங்கேதான்.

நாம் மூச்சுவிடும் காற்றிலும் கொஞ்சம் ஓசோன் உண்டு. அதன் மேல் சுமார் 320 நானோமீட்டருக்குக் குறைவான புறஊதா ஒளி பட்டால் ஓசோன் உடைந்து, சிவப்பு நிலையில் இருக்கும் ஓர் ஆக்சிஜன் அணு வெளியே வருகிறது. ஒளிர அதற்கு வாய்ப்பே இல்லை. தரையருகே காற்று அவ்வளவு நெரிசல். ஒரு நானோநொடி அளவிலேயே அதன் ஆற்றலை யாராவது பறித்துவிடுவார்கள். பெரும்பாலும் நைட்ரஜன், சில சமயம் ஆக்சிஜன். ஆனால் ஈரப்பதம் மிகுந்த வெப்பமண்டலக் காற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்று நீர் மூலக்கூறில் போய் மோதும். சாதாரண ஆக்சிஜன் அணு மோதினால் நீர் அசையாது, உடைக்கப் போதுமான ஆற்றல் அதனிடம் இல்லை. சிவப்பு நிலை அணுவின் கையில் கூடுதலாக 1.97 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. நீர் உடைந்து இரண்டு ஹைட்ராக்சில்கள் உண்டாகின்றன. ஹைட்ராக்சில் என்றால் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த, எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும் துண்டு.

சோடியம் மாதிரி 16 நானோநொடியில் இறங்கும் அணுவாக இருந்தால் இந்த மோதலுக்குச் சிக்கலில்லை, ஒரு நானோநொடியில் அதுவும் மோதிவிடும். ஆனால் உயரே, காற்று மெலிந்த இடங்களில், வேதிவினைக்கு முன்னாலேயே ஒளிர்ந்து கைவிரித்துவிடும். நமது அணுவோ தரையிலிருந்து நூறு கி.மீ. வரை, எங்கே வைத்தாலும், யாராவது வந்து மோதும்வரை ஆற்றலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

ஹைட்ராக்சில் ஒரு நொடி அளவுக்குத்தான் உயிரோடு இருக்கும். பகலில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சராசரியாகப் பத்து லட்சம் இருக்கும். நிறைய மாதிரி தெரியலாம். மொத்த மூலக்கூறுகளில் 25 லட்சம் கோடிக்கு ஒன்று என்று பார்த்தால் அதன் அளவு புரியும். ஆனால் காற்றைக் கழுவும் வேலையில் பெரும்பங்கு அதனுடையதுதான். வாகனப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, நெல்வயலிலும் மாட்டு வயிற்றிலும் உண்டாகும் மீத்தேன் எல்லாவற்றையும் முதலில் கடிப்பது இதுதான். மீத்தேன் காற்றில் நூற்றாண்டுக் கணக்கில் தங்காமல் சுமார் பத்து ஆண்டில் தீர்ந்துபோகக் காரணம் ஹைட்ராக்சில். வெயிலும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும் வெப்பமண்டலத்தில்தான் இது அதிகம். தரைக்கருகே ஹைட்ராக்சில் இவ்வளவு முக்கியம் என்பதை ஹைரம் லெவி 1971-ல்தான் எடுத்துச் சொன்னார். அதுவரை சூரியனால் நடக்கும் வேதியியல் பெரும்பாலும் உயரத்துச் சமாச்சாரம் என்றே நினைத்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டே இதே ஹைட்ராக்சில் செவ்வாயில் தலைகாட்டியது. அங்கே காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. சூரியனின் புறஊதாக் கதிர் அதைக் கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜன் அணுவுமாக உடைத்துக்கொண்டே இருக்கிறது. உடைந்த இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்ளலாமே என்றால், அங்கேயும் நம் பழைய 'தடை' வந்து நிற்கிறது. தரைநிலை ஆக்சிஜன் கார்பன் மோனாக்சைடோடு சேர, தற்சுழற்சி ஒழுங்கு மாற வேண்டும். அது மகா மெதுவான காரியம். கணக்குப்படி சில ஆயிரம் ஆண்டுகளிலேயே செவ்வாயின் காற்று தலைகீழாக மாறியிருக்க வேண்டும். அளந்து பார்த்தால் கார்பன் மோனாக்சைடு 0.1 சதவீதம்கூட இல்லை.

1972-ல் மெக்கெல்ராயும் டோனகியூவும் ஒரு பக்கம், பார்க்கின்சனும் ஹன்ட்டனும் இன்னொரு பக்கம் விடை சொன்னார்கள். செவ்வாயில் இருக்கும் துளி நீராவியிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில்தான் கார்பன் மோனாக்சைடைத் திரும்பக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அந்த நீராவி முழுவதையும் நீராக்கித் தரையில் பரப்பினால் தலைமுடித் தடிமன்கூட வராது. நீரை நேரடியாகப் புறஊதாக் கதிரும் உடைக்கிறது, தரையருகே ஓசோனிலிருந்து வரும் சிவப்பு நிலை அணுவும் தன் பங்கைச் செய்கிறது. அவ்வளவு சொற்பமான ஈரம் ஒரு கிரகத்தின் மொத்தக் காற்றையும் தாங்கிப் பிடித்திருக்கிறது.

செவ்வாயில் கார்பன் டை ஆக்சைடு உடையும்போது சில அணுக்கள் நேராகப் பச்சை நிலையிலேயே பிறக்கின்றன. ஆகவே அங்கேயும் பகலில் பச்சை ஒளி இருக்க வேண்டும் என்று வெகுநாளாக எதிர்பார்த்திருந்தார்கள். ஐரோப்பிய, ரஷ்யக் கூட்டுத் திட்டமாகக் கிளம்பிய எக்ஸோமார்ஸ் சுற்றுகலன் 2019-ல் செவ்வாயின் விளிம்பைப் பார்த்து அதைப் பிடித்தது. முடிவு 2020-ல் வெளியானது. சுமார் 80 கி.மீ. உயரத்தில் ஒளி அதிகம்.

இந்த அளவீட்டில் கோட்பாட்டுக்காரர்கள் ஆவலோடு பார்த்தது ஒரே ஓர் எண்ணை. பச்சை நிலை அணுவுக்கு இறங்க இரண்டு வழி. ஒன்று 557.7 நானோமீட்டர் பச்சை. மற்றது, சிவப்பு நிலையைத் தாண்டி ஒரேயடியாகத் தரைக்குக் குதிப்பது, அப்போது 297.2 நானோமீட்டர் புறஊதா. புறப்படும் இடம் ஒன்றே என்பதால், இரண்டு ஒளிக்கும் உள்ள விகிதம் எந்தக் கிரகம், என்ன காற்று, எத்தனை மோதல் என்பதையெல்லாம் பொறுத்ததே இல்லை. அணுவும் வெற்றிடமும் தமக்குள் பேசி முடிவுசெய்வது அது. கணக்குப் போட்டுத்தான் அறிந்திருந்தார்கள், ஏனென்றால் ஆய்வகத்தில் அளப்பது மிகக் கடினம். செவ்வாயில் கிடைத்த விகிதம் 16.5. கணக்கு சொன்னதோடு ஒத்துப்போனது. பூமியில் அதுவரை எடுத்திருந்த அளவுகளில் பச்சை இதைவிட நன்றாகக் குறைவாக இருந்தது. நம் வீட்டுக் கூரைக்கு மேலே எரியும் ஒளியைச் சரியாக அளந்தோமா என்று செவ்வாய்க்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

2024 மார்ச்சில் செவ்வாயைச் சூரியப் புயல் ஒன்று தாக்கியது. வருவது முன்கூட்டியே தெரிந்ததால் செவ்வாய்த் தரையில் இருக்கும் நாசாவின் பெர்செவரன்ஸ் ஊர்தியின் கருவிகளை இரவு வானத்தை நோக்கித் திருப்பி வைத்திருந்தார்கள். நிறமாலையில் 557.7-ல் ஒரு முனை எழுந்தது, கேமராவில் வானம் இலேசான பச்சையாகப் பதிவானது. இன்னொரு கிரகத்தின் தரையில் நின்று துருவ ஒளியைப் படமெடுத்தது அதுவே முதல் தடவை. பூமியைப் போலச் செவ்வாய்க்கு முழுக் காந்தப்புலம் இல்லாததால், அங்கே அந்த ஒளி துருவத்தில் திரையாகத் தொங்கவில்லை. வானம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தது.